கணு நீக்கும் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், சேத்தூர் என்னும் பேரூர் இருக்கிறது. 1909ஆம் ஆண்டில் இவ்வூர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்டிருந்தால், திருநெல்வேலி என்று விடை கிடைத்திருக்கும். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டது. திருவில்லிபுத்தூர் வட்டம் அதனோடு சேர்க்கப்பட, வட்டத்தோடு சேத்தூரும் போயிற்று. 1985இல் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இவ்வூர் காமராசர் மாவட்டத்தில் அடங்கியது. 1997இல் அம்மாவட்டம் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறிற்று. திருவில்லிபுத்தூர் வட்டத்தைப் பிரித்து இராசபாளையம் வட்டம் அமைக்கப்பட்டதும் சேத்தூர் அதன்கீழ் வந்தது.

இத்தனைக்கும் ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. ஏட்டில் மட்டும் அது ஒரு கிளையை விட்டு மற்றொரு கிளைக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. காகித ஏடாக இருந்த காலத்தில் எழுத்தர் ஓரிடத்தில் கோடு கிழித்து அடித்துவிட்டு, மற்றோர் ஏட்டில் ஒரு வரி சேர்ப்பார், வேலை முடிந்தது. இன்று அத்தகைய ஏடுகள் கணிப்பொறியில் இருக்கின்றன. அங்கே ஒரு பெயரை நீக்குவது இன்னும் எளிதாக இருக்க வேண்டும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் நிரல் எழுதுவோரைக் கேட்டால் வேறு கதை சொல்வர். நிரல் ஓடி முடிகிறது. பிழை எதுவும் காட்டுவதில்லை. திறந்து பார்த்தால், நீக்கச் சொன்ன பத்துப் பெயர்களில் ஐந்து அப்படியே இருக்கின்றன. வேறு சில வேளைகளில், நீக்கச் சொல்லாத செய்தி காணாமற் போய்விடுகிறது.

இது ஏன் நேர்கிறது? ஏறத்தாழ எழுபது ஆண்டு வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. அதனைச் சிறிது காண்போம்.

ஆவணம் மரமான கதை

1969இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்னும் மூவர், சட்ட அலுவலகங்களின் ஆவணங்களைக் கணிப்பொறியில் வைக்கும் முறையை ஆராய்ந்தனர். இவர்களுள் கோல்ட்ஃபார்ப் சட்டம் படித்தவர். ஒரு பத்தி எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சாக வேண்டும் என்று குறிப்பதைவிட, அது தலைப்பா, பத்தியா, அடிக்குறிப்பா என்று குறிப்பதே மேல் என்று அவர்கள் கண்டனர். அச்சின் வடிவம் மாறலாம். அடிக்குறிப்பு என்றும் அடிக்குறிப்பே. அவர்கள் உண்டாக்கிய குறிமொழிக்கு ஜி.எம்.எல். என்று பெயரிட்டனர். அம்மூன்று எழுத்துகளும் மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளாகவும் அமைந்திருந்தன.

இம்முறை வளர்ந்து, 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. அது ஆற்றல் மிக்கது. ஆயினும் விதிகள் மிகுந்தது. அதனைச் சுருக்கி, இணையத்துக்கு ஏற்றவாறு அமைத்த மொழியே எக்ஸ்.எம்.எல். இதன் முதல் பதிப்பு 1998 பிப்ரவரி 10ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. ஒருங்குறி எழுத்துகளை இது அடிப்படையாகக் கொண்டதால் உள்ளடக்கம் மட்டுமன்றிக் குறிகளின் பெயர்களையும் தமிழிலேயே எழுத முடிந்தது. எடுத்துக்காட்டாக, கீழ்க்காண்பது முறையான ஓர் எக்ஸ்.எம்.எல். ஆவணம்:

<வட்டம் பெயர்="இராசபாளையம்">
  <ஊர்>சேத்தூர்</ஊர்>
  <ஊர்>தேவதானம்</ஊர்>
  <ஊர்>முகவூர்</ஊர்>
  <ஊர்>தளவாய்புரம்</ஊர்>
</வட்டம்>

கோண அடைப்புக்குள் உள்ளவை குறிகள். ஒவ்வொரு குறியும் திறந்த பின் மூட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று முழுமையாக அடங்க வேண்டும். இந்த ஒரு விதியே ஆவணத்தை மரமாக்குகிறது. வட்டம் என்பது தாய். ஊர்கள் நான்கும் அதன் பிள்ளைகள். மரத்தில் கிளை பிரியும் ஒவ்வோர் இடத்தையும் கணு என்கிறோம். 1998 அக்டோபர் 1ஆம் நாள், இம்மரத்தில் நிரல்கள் ஏறி இறங்குவதற்கும், கணுவைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் உரிய பொது விதிகளை அதே கூட்டமைப்பு வெளியிட்டது. ஆவணப் பொருள் மாதிரி என்று அதனைக் கூறலாம், சுருக்கமாக டி.ஓ.எம். என்பர்.

சேர்ப்பது எளிது, நீக்குவது அரிது

கணிப்பொறிக்குள் மரம் எவ்வாறு நிற்கிறது? இதற்கு 1950களுக்குச் செல்ல வேண்டும். ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் ஆகியோர் 1955, 1956ஆம் ஆண்டுகளில், தேற்றங்களை நிறுவும் நிரல் ஒன்றை அமைத்தனர். செய்திகளை அடுத்தடுத்த அறைகளில் அடுக்கி வைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு செய்தியுடனும் அடுத்த செய்தி எங்கே இருக்கிறது என்னும் முகவரியையும் சேர்த்து வைத்தனர். சங்கிலியின் கண்ணிகள்போல் அவை கோத்திருந்தன. புதிய கண்ணியை எங்கு வேண்டுமானாலும் நுழைக்கலாம். முகவரிகளை மட்டும் மாற்றினால் போதும்.

நீக்குவதும் இவ்வாறே. முன்னுள்ள கண்ணி, பின்னுள்ள கண்ணியைச் சுட்டும்படி செய்தால், இடையிலுள்ளது தானே விலகிவிடும். ஆனால் விலகிய கண்ணி அழிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது நினைவகத்தில் எங்கோ கிடக்கிறது. அதற்கு வழிதான் இல்லை. இவ்வாறு அனாதையான கண்ணிகளைத் தேடித் திரட்டி மீண்டும் பயன்படுத்தும் முறையை 1960இல் ஜான் மெக்கார்த்தி தம் லிஸ்ப் மொழிக்காக வகுத்தார்.

மரத்தில் கணு நீக்குவது அறிஞர்களையே ஏமாற்றிய வரலாறு ஒன்று உண்டு. ஒவ்வொரு கணுவுக்கும் இடப்பக்கம் சிறியது, வலப்பக்கம் பெரியது என்று அடுக்கப்பட்ட தேடல் மரத்தை எடுத்துக்கொள்வோம். இதில் இரு பிள்ளைகள் உள்ள கணுவை நீக்கினால் அவ்விடம் வெறுமையாகும். அதற்கு அடுத்த பெரிய எண்ணைக் கொண்டுவந்து அவ்விடத்தில் வைக்கலாம் என்னும் முறையை 1962இல் தாமஸ் ஹிப்பர்ட் வெளியிட்டார். தற்செயல் வரிசையில் வளர்ந்த மரத்தில் தற்செயலாக ஒரு கணுவை நீக்கினால், எஞ்சிய மரமும் தற்செயலாக வளர்ந்த மரத்தைப் போன்றே இருக்கும் என்றும் அவர் நிறுவினார். ஆகவே எத்தனை முறை நீக்கினாலும் சேர்த்தாலும் மரம் கெடாது என்று பலர் கருதினர்.

1975இல் கேரி நாட் தம் ஆய்வேட்டில் இக்கருத்தை உடைத்தார். நீக்கிய பின் ஒரே ஒரு புதிய கணுவைச் சேர்த்தாலும் அத்தன்மை குலைந்துவிடும் என்று காட்டினார். 1978இல் ஆர்னே யோனாசனும் டொனால்ட் குனுத்தும் மூன்று கணுக்களுக்கு மேல் போகாத மிகச் சிறிய மரத்தை எடுத்து ஆராய்ந்தனர். அதன் நடத்தையைக் கணக்கிடுவதற்கே பெசல் சார்புகள் வரை போக வேண்டியிருந்தது. 1983இல் ஜெஃப்ரி எப்பிங்கர் பெரிய மரங்களில் சோதனை செய்து, நீக்கலும் சேர்த்தலும் நெடுநேரம் தொடர்ந்தால் மரம் சீர்குலைந்து, தேடும் நேரம் கூடுவதைக் கண்டார். ஒரு கணுவை நீக்கும் செயலின் முழு விளைவையும் அறிய இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன!

எண்ணிக்கொண்டே எடுத்தால்

இனி நம் ஆவணத்துக்கு வருவோம். இராசபாளையம் வட்டத்தின்கீழ் உள்ள நான்கு ஊர்களையும் நீக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிரலர் இவ்வாறு எழுதுகிறார்: ஊர்களின் பட்டியலை எடு, முதலாவதை நீக்கு, இரண்டாவதை நீக்கு, பட்டியல் முடியும்வரை இப்படியே செல்.

முதல் சுற்றில் சேத்தூர் நீங்குகிறது. உடனே தேவதானம் முதலிடத்துக்கும், முகவூர் இரண்டாம் இடத்துக்கும், தளவாய்புரம் மூன்றாம் இடத்துக்கும் நகர்கின்றன. அடுத்துக் கணிப்பொறி இரண்டாவதை நீக்குகிறது. இப்போது இரண்டாவது முகவூர்! தேவதானம் தப்பிவிட்டது. அடுத்து மூன்றாவதைத் தேடுகிறது. பட்டியலில் இரண்டே ஊர்கள் உள்ளன. வேலை முடிந்ததென்று நின்றுவிடுகிறது. தேவதானமும் தளவாய்புரமும் எஞ்சி நிற்கின்றன. ஒன்று விட்டு ஒன்று நீங்கியிருக்கிறது. பத்து ஊர்கள் இருந்தால் ஐந்து எஞ்சும்.

இதற்குக் காரணம், 1998ஆம் ஆண்டு விதிகளில் பட்டியல் உயிருள்ளதாக வகுக்கப்பட்டிருப்பதே. அது ஒரு முறை எடுத்த நிழற்படம் அன்று. மரத்தைக் காட்டும் சாளரம். மரம் மாறும்போதெல்லாம் பட்டியலும் அக்கணமே மாறும்.

எண் கொண்டு எண்ணாமல், அடுத்த உடன்பிறப்பு எது என்று கேட்டுக் கேட்டுச் செல்வோரும் உண்டு. அங்கே இடர்ப்பாடு வேறு. நீக்கப்பட்ட கணுவுக்கு உடன்பிறப்பு இல்லை. சேத்தூரை நீக்கிய பின் சேத்தூரிடமே அடுத்தது எது என்று கேட்டால், எதுவும் இல்லை என்னும் விடையே வரும். முதல் ஊரோடு வேலை நின்றுவிடும்.

இக்குழப்பம் எக்ஸ்.எம்.எல்.லுக்கு முன்பே வேறோர் உருவில் வந்ததுண்டு. 1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்னும் தரவுத்தளம் உருவாகிக்கொண்டிருந்தது. 25,000 டாலருக்குக் குறைவாக ஊதியம் பெறும் ஊழியர் அனைவருக்கும் 10 விழுக்காடு உயர்வு தரும்படி ஓர் ஆணை கொடுக்கப்பட்டது. முடிவில் அவர்களுள் ஒருவரது ஊதியமும் 25,000 டாலருக்குக் குறையவில்லை. கணிப்பொறி ஊதிய வரிசையில் ஊழியர்களைப் பார்த்துக்கொண்டு சென்றது. உயர்வு பெற்றவர் வரிசையில் முன்னே தள்ளப்பட்டார்; சிறிது நேரத்தில் கணிப்பொறி மீண்டும் அவரையே சந்தித்து மறுபடியும் உயர்வு கொடுத்தது. வரம்பைத் தாண்டும் வரை இது தொடர்ந்தது. பாட்ரீசியா செலிங்கரும் மார்ட்டன் ஆஸ்ட்ரகனும் இதனைக் கண்டறிந்த நாள் மேலை நாட்டார் கொண்டாடும் ஹாலோவீன் திருநாள். ஆதலின் இதற்கு ஹாலோவீன் சிக்கல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே அதனை மாற்றாதே என்பதே இதன் பாடம்.

தீர்வுகள் எளியவை. கடைசியிலிருந்து முதலை நோக்கி நீக்கினால், இன்னும் பார்க்காத ஊர்களின் எண்கள் மாறமாட்டா. அல்லது, நீக்க வேண்டியவற்றை முதலில் தனிப் பட்டியலாகப் படியெடுத்துக்கொண்டு, பின்னர் அப்பட்டியலின்படி நீக்கலாம். எல்லாவற்றையும் நீக்குவதாயின், பட்டியல் காலியாகும்வரை முதலாவதையே நீக்கிக்கொண்டிருக்கலாம். உடன்பிறப்பு வழியே செல்வோர், நீக்குவதற்கு முன்பே அடுத்ததைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சில மொழிகள் இங்கே நிரலருக்கு உதவி செய்கின்றன. 1998 இறுதியில் வந்த ஜாவா மொழியின் புதிய பதிப்பில், ஒரு தொகுப்பைச் சுற்றிவரும்போதே அதனை நேரடியாக மாற்ற முயன்றால் நிரல் பிழை காட்டி நிற்குமாறு அமைத்தனர். தவறாக ஓடி முடிவதைவிட, நடுவில் நின்று எச்சரிப்பது நன்று அன்றோ!

தாயும் பிள்ளையும்

அடுத்த இடர்ப்பாடு உறவு பற்றியது. 1998ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு கணு தன்னைத் தானே நீக்கிக்கொள்ள முடியாது. அதன் தாய்க்கணுவிடம்தான் நீக்கச் சொல்ல வேண்டும். மாவட்டத்தின் பிள்ளை வட்டம். வட்டத்தின் பிள்ளை ஊர். ஊரை நீக்கும்படி மாவட்டத்திடம் சொன்னால், இப்படியொரு பிள்ளை எனக்கு இல்லை என்னும் பிழையே வரும். ஊர் மாவட்டத்துக்குள் இருப்பது உண்மைதான்; ஆனால் அது பேரப்பிள்ளை. புதிதாகப் பழகுவோர் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இது. கணுவிடமே அதன் தாய் யார் என்று கேட்டு, அத்தாயிடம் நீக்கச் சொல்வதே சரியான முறை. பிற்கால விதிகளில் கணுவே தன்னை நீக்கிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது.

தாயை நீக்கினால் பிள்ளைகள் என்னாகும்? கிளையை வெட்டினால் இலைகளும் விழுவதுபோல், அடியிலுள்ள அனைத்தும் உடன் போய்விடும். தாயை மட்டும் நீக்கிப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள வேண்டுமானால் என்ன செய்வது? இதற்குச் சேத்தூரின் வரலாற்றிலேயே ஓர் அரிய எடுத்துக்காட்டு இருக்கிறது.

சேத்தூர் முன்பு பாளையமாக இருந்து, ஆங்கிலேயர் காலத்தில் ஜமீனாக மாறிய ஊர்களுள் ஒன்று. 1802ஆம் ஆண்டின் நிலையான தீர்வை ஒழுங்குமுறைப்படி, அரசுக்கும் உழவருக்கும் நடுவில் ஜமீன்தார் இருந்தார். உழவர் அவருக்குச் செலுத்தினர். அவர் அரசுக்குப் பேஷ்குஷ் என்னும் நிலையான தொகையைச் செலுத்தினார். மரமாக வரைந்தால் அரசு வேர், ஜமீன் நடுக்கணு, உழவரும் நிலமும் அதன் பிள்ளைகள். 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டமாகிய சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் இரயத்துவாரியாக மாற்றுதல் சட்டம் இந்த நடுக்கணுவை நீக்கிற்று. நிலத்தையும் உழவரையும் நீக்குவது அதன் நோக்கமன்று. ஆதலின் குறித்த நாளில் எஸ்டேட்டின் நிலமும், குளமும், காடும் அரசிடம் வந்து சேரும் என்றும், பின் நிலங்கள் அளக்கப்பட்டு உழவர்க்கு நேரே பட்டா வழங்கப்படும் என்றும் சட்டம் வகுத்தது. முதலில் பிள்ளைகளுக்குப் புதிய தாய். அதன்பிறகே பழைய தாய்க்கு விடை.

நிரலிலும் இதே வரிசைதான். நடுக்கணுவின் பிள்ளைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதற்கு முன்னால் செருக வேண்டும். ஒரு கணுவுக்கு ஒரே தாய்தான் இருக்க முடியும் என்பதால், புதிய இடத்தில் செருகியவுடன் பழைய இடத்திலிருந்து அது தானாகவே நீங்கிவிடும். பிள்ளைகள் அனைத்தும் வெளியேறிய பின்னரே வெறுங்கணுவை நீக்க வேண்டும். இவ்வரிசையை மாற்றி, தாயை முதலில் நீக்கிவிட்டால், ஊர் முழுவதும் ஏட்டிலிருந்து மறைந்துவிடும்.

வெற்றிடமும் வாலும்

மேலே கண்ட ஆவணத்தில் வட்டம் என்னும் கணுவுக்கு எத்தனை பிள்ளைகள்? நான்கு என்பீர்கள். பல செயலிகள் ஒன்பது என்று சொல்லும். ஒவ்வோர் ஊருக்கும் முன்னும் பின்னும் உள்ள வரிமுறிவும் இடைவெளியும் ஐந்து எழுத்துக்கணுக்களாகக் கணக்கில் வருகின்றன. முதல் பிள்ளையை நீக்கு என்று சொன்னால் சேத்தூர் நீங்காது. அதற்கு முன்னுள்ள வெற்றிடம்தான் நீங்கும். நீக்கினேன், நீங்கவில்லை என்று குறைகூறுவோர் பலர் இந்த வெற்றிடத்தைத்தான் நீக்கியிருப்பர். ஊரைச் சரியாக நீக்கிய பின்னும் அவ்விடத்தில் ஒரு வெற்று வரி எஞ்சி நிற்பதற்கும் இதுவே காரணம்.

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. 2006இல் பைதான் மொழியோடு சேர்க்கப்பட்ட எலிமென்ட் ட்ரீ என்னும் கருவியை உருவாக்கியவர் ஃபிரெட்ரிக் லுண்ட். எழுத்துகளுக்குத் தனிக் கணு வைக்காமல், ஒரு குறி மூடிய பின் வரும் எழுத்துகளை அக்குறியின் வால் என்று அவர் அமைத்தார். இதனால் நிரல் மிக எளிதாயிற்று. ஆயினும் கீழ்க்காணும் வரியைப் பாருங்கள்:

<குறிப்பு>இவ்வூர் <பழையது>திருநெல்வேலி</பழையது> விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.</குறிப்பு>

இதில் பழையது என்னும் கணுவை நீக்கினால், திருநெல்வேலி என்னும் சொல் மட்டும் போக வேண்டும். ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது என்னும் பகுதி அக்கணுவின் வாலாக இருப்பதால், அதுவும் சேர்ந்து போய்விடும். எஞ்சுவது இவ்வூர் என்னும் ஒரு சொல்லே. நிரலில் பிழைச்செய்தி எதுவும் வராது. பழைய நூல்களையும் உரைகளையும் குறியிட்டு வைப்போர் இதில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். பாடவேறுபாட்டுக் குறி ஒன்றை நீக்கப்போய், அதன் பின் வரும் அடி முழுவதும் மறைந்துவிடக்கூடும். நீக்குமுன் வாலை எடுத்து, முன்னுள்ள கணுவின் வாலோடு ஒட்டிவிட வேண்டும். முன்னே கணு இல்லையாயின் தாயின் எழுத்தோடு ஒட்ட வேண்டும்.

பெயர் ஒன்று, குறி வேறு

சில வேளை நிரல் எதையுமே நீக்குவதில்லை. தேடிய கணு கிடைக்காததே காரணம். 1999 ஜனவரியில் வந்த பெயர்வெளி விதிகளின்படி, ஆவணத்தின் தலையில் ஒரு பெயர்வெளி அறிவிக்கப்பட்டிருந்தால், உள்ளிருக்கும் ஊர் என்னும் குறியின் முழுப்பெயர் அப்பெயர்வெளியையும் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த எக்ஸ்பாத் என்னும் தேடல்மொழியில், முன்னொட்டு இல்லாமல் ஊர் என்று மட்டும் தேடினால், பெயர்வெளி எதிலும் சேராத ஊரையே அது தேடும். கண்ணெதிரே நூறு ஊர்கள் இருக்க, ஒன்றுமில்லை என்று விடை வரும். தெருவையும் ஊரையும் சொல்லாமல் வெறும் பெயரை மட்டும் எழுதிய கடிதத்தைப் போன்றது இது.

தமிழில் மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சேத்தூருக்கு அண்மையில் கொல்லங்கொண்டான் என்னும் ஊர் உள்ளது. நம் கண்ணுக்கு இது எட்டு எழுத்து. ஒருங்குறியில் இதனைப் 15 குறிகளால் எழுதலாம். அதில் இருமுறை வரும் கொ என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியாக இடாமல், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம். அப்போது 17 குறிகள் ஆகும். திரையில் இரண்டும் ஒன்றே. கணிப்பொறி குறிக்குக் குறி ஒப்பிடுவதால் அதற்கு இவை இரு வேறு சொற்கள். ஒருங்குறியே வகுத்துள்ள இயல்பாக்க முறையால் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, பின் ஒப்பிட்டால் இக்குறை தீரும்.

ஆனால் அம்முறையாலும் தீராத ஒன்று, ஊர்ப்பெயராக நம் அருகிலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதன் முதலெழுத்தைப் பாருங்கள். ஸ என்னும் எழுத்தோடு புள்ளியும், ரகரமும், ஈகாரக் குறியும் சேர்த்து இதனை எழுதி வந்தனர். 2005இல் வந்த ஒருங்குறியின் 4.1 பதிப்பில் ஶ என்னும் கிரந்த எழுத்து சேர்க்கப்பட்டது. அதன்பின் அவ்வெழுத்தைக் கொண்டும் ஸ்ரீயை எழுதலாயினர். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகவே தோன்றும். ஆனால் இவை சமமானவை என்று ஒருங்குறி கூறவில்லை. ஆகவே இயல்பாக்கத்தால் ஒன்றாகமாட்டா. ஒரு பட்டியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் பெயரை எல்லா இடத்திலும் நீக்கச் சொன்னால், ஒருவகை நீங்கி மறுவகை நிற்கும். இரு வடிவங்களையும் நிரலர் தாமே தேட வேண்டும்.

சேத்தூரும் இதற்கு விலக்கன்று. புலவர் வழக்கில் இவ்வூர் சேற்றூர். இவ்வூர்க் கவிராயர்களின் பெயர்முன் அவ்வடிவமே நிற்கும். இராசபாளையத்தை ராஜபாளையம் என்றும் எழுதுகிறோம். இவை ஒரே ஊர் என்பதை எந்தத் தரமும் கணிப்பொறிக்குச் சொல்லித் தராது. ஊரை அறிந்தவர்தாம் சொல்ல வேண்டும்.

முறையாகத் தேடுவது எப்படி?

நீக்கம் தவறும்போது ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டால் பெரும்பாலும் குறை தெரிந்துவிடும்.

முதலாவது, தேடிய கணு கிடைத்ததா? எத்தனை கிடைத்தன என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சுழி என்றால் பெயர்வெளியையும் எழுத்துக்குறிகளையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, சரியான தாயிடம் சொன்னோமா? மூன்றாவது, எண்ணிக்கொண்டே நீக்கினோமா? பாதி எஞ்சியிருந்தால் பெரும்பாலும் இதுவே காரணம் எனலாம். நான்காவது, நீக்கிய கணுவின் பிள்ளைகளும் வாலும் என்னாயின? ஐந்தாவது, மாற்றிய மரத்தைக் கோப்பில் எழுதினோமா? நினைவகத்தில் உள்ள மரம் வேறு, வட்டில் உள்ள கோப்பு வேறு. மரத்தில் நீக்கிவிட்டுக் கோப்பைச் சேமிக்காமல் விட்டால், மறுநாள் திறக்கும்போது எல்லாம் பழையபடியே இருக்கும்.

நீக்குவதையே தவிர்க்கும் வழியும் ஒன்று உண்டு. 1999இல் எக்ஸ்பாத்தோடு ஒரே நாளில் வெளிவந்த எக்ஸ்.எஸ்.எல்.டி. என்னும் மாற்றுமொழியில், மரத்தை வெட்டுவதில்லை. மூலத்தைப் பார்த்துப் புதிய மரத்தைப் படியெடுக்கிறோம். வேண்டாத கணு வரும்போது அதனை எழுதாமல் விட்டுவிடுகிறோம். பழுதான ஓலைச்சுவடியைச் சுரண்டித் திருத்தாமல், புதிய ஓலையில் பெயர்த்து எழுதிய நம் முன்னோர் முறையும் இதுவே. மூலம் அப்படியே இருக்கும். தவறு நேர்ந்தால் மீண்டும் படியெடுக்கலாம்.

வாக்காளர் பட்டியலோ, நிலப் பதிவோ, பழந்தமிழ் நூலோ எதுவாயினும், ஒரு பெயர் தவறாகச் சேர்ந்திருந்தால் யாரேனும் அதைக் கண்ணால் கண்டு சுட்டிக்காட்டுவர். தவறாக நீங்கிவிட்டால் அவ்விடத்தில் காண்பதற்கு எதுவும் இருப்பதில்லை. தம் பெயரைத் தேடி வந்த ஒருவர் அலுவலகச் சாளரத்தின் முன் நின்று, பட்டியலில் இல்லை என்று கேட்கும் நாளில்தான் அது வெளிப்படும். ஆகவே நீக்குவதற்கு முன் எண்ணுங்கள். நீக்கிய பின் மறுபடியும் எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, நீக்கக் கருதிய தொகைக்குச் சரியாக இருந்தால் மட்டும் கோப்பைச் சேமியுங்கள்.